நடுவரே குத்தலாமா? விவாத நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும், அவற்றுக்குத் தலைப்பு வைக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன். போட்டி நாட்களில் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மேடையின் மூலையில் நிற்பேன். அவர்கள் ஆடாத போட்டிகளில் சில நேரம் புள்ளி போடவும் உட்காருவேன். உங்கள் தொழிலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் என் தொழிலிலிருந்து நீங்கள் தினமும் கடன் வாங்குகிறீர்கள். அதனால் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிகழ்ச்சி தொடங்கும்போது மணிச்சத்தம் கேட்கிறது. "முதல் ரவுண்டுக்குப் போகலாம்" என்கிறீர்கள். இரண்டு முகங்களை எதிரெதிரே வைத்து நடுவில் தீப்பொறி பறக்கவிடுகிறீர்கள். மறுநாள் அதையே துண்டு துண்டாக வெட்டிப் போடும்போது தலைப்பு வருகிறது: வெளுத்து வாங்கினார், தெறிக்கவிட்டார், ஒரே கேள்வியில் நாக் அவுட், மூக்குடைபட்டுத் திரும்பினார். கடன் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. குத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் குத்தைச் சுற்றி இருநூறு வருடத்துக்கும் மேலாகக் கட்டி வைத்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

எங்களிடம் பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணை, இளைஞர்களிடம் பெருகும் வன்முறை பற்றிப் பேச ஒரு சேனலில் கூப்பிட்டார்கள். எந்தச் சேனல் என்பது இங்கே தேவையில்லை. மற்ற மூன்று பேரும் மேடையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்கள். இவள் இரண்டு வாக்கியம் முடித்தாள். மூன்றாவதை ஆரம்பிக்கும்போதே நெறியாளர் குறுக்கே வந்து, "அப்போ அடிதடி சரின்னு சொல்றீங்களா?" என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கீழே எழுத்து ஓடியது: 'திணறிய வீராங்கனை'. மறுநாள் கையில் துணி சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அங்க ரெஃப்ரீயும் சேர்ந்து அடிக்கிறார் கோச்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் வாங்காத அடியா! எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை.

ரெஃப்ரீ என்பவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் உற்றுக் கவனித்திருக்க மாட்டீர்கள். கூட்டம் குத்துபவனின் கையைப் பார்க்கும். நடுவரின் பார்வை பெரும்பாலும் குத்து வாங்குகிறவன் மேலேயே இருக்கும். அவன் முட்டி மடிகிறதா, கண் ஓரிடத்தில் நிற்கிறதா, கை தானாக உயர்கிறதா அல்லது பழக்கத்தில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவன் விழுந்து எழுந்தால், உடனே எழுந்துவிட்டாலும் சரி, பெரும்பாலான போட்டிகளில் எட்டு வரை எண்ணியே ஆகவேண்டும். எண்ணி முடித்து அவன் கையுறைகளைப் பிடித்துப் பார்ப்பார், முகத்துக்கு நேரே நின்று ஏதாவது கேட்பார், "என்னை நோக்கி நடந்து வா" என்பார். அந்த இரண்டு அடியை அவன் எப்படி எடுத்து வைக்கிறான் என்பதில் இருக்கிறது எல்லாம். கால் கொஞ்சம் பக்கவாட்டில் போனால் போதும், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி ஆட்டத்தை முடித்துவிடுவார். கூட்டம் கத்தும், காசு கொடுத்து வந்தவன் திட்டுவான், தோற்ற பையனே "எனக்கு ஒன்றுமில்லை" என்று சண்டைக்கு வருவான். நல்ல நடுவர் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

உங்கள் அரங்கத்தில் குத்து வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பது யார்? கேமரா பார்க்கிறது. நெருங்கிப் போய், வியர்க்கிறதா, உதடு நடுங்குகிறதா என்று பார்க்கிறது. ஆனால் அது நிறுத்துவதற்காகப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. எங்கள் விளையாட்டில் டிக்கெட் விற்பவர் வேறு, நடுவர் வேறு, புள்ளி போடுபவர்கள் வேறு, வீரனைப் பார்த்துக்கொள்பவர் வேறு. எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். விற்பவரே வீரனின் மேலாளராகவும் இருந்து இரண்டு பக்கமும் சம்பாதித்த கதைகள் ஏராளம். அதனால்தான் அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முகமது அலியின் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்து, போட்டியை விற்பவருக்கும் வீரனின் மேலாளருக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். சண்டை நீண்டால் லாபம் பார்ப்பவரும், வீரனுக்கு நல்லது கெட்டது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. உங்கள் நாற்காலியில் பல வேலைகளை ஒருவரே பார்க்கிறார். நிகழ்ச்சியை விற்கிறார், நடுவராக நிற்கிறார், கடைசியில் "இன்று இவர் பதில் சொல்லவில்லை" என்று தீர்ப்பும் சொல்கிறார், இடையில் மனசு வந்தால் ஒரு குத்தும் விடுகிறார். சம்பளம் அப்படி என்றால் நான் என்ன சொல்ல. ஆனால் அதைக் குத்துச்சண்டை என்று கூப்பிடாதீர்கள்.

1919-இல் ஜாக் டெம்ப்சி என்ற குத்துச்சண்டை வீரர், எதிராளி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். அப்போதைய வழக்கப்படி விழுந்தவனின் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். அவன் எழும்போது, இன்னும் கால் ஊன்றுவதற்குள், அடுத்த குத்தை இறக்கலாம். டெம்ப்சி அதைத்தான் செய்தார். பின்னாளில் விதி மாறியது. எதிராளி விழுந்தால், விழச் செய்தவர் இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போகவேண்டும், அங்கே போகும்வரை எண்ணுவது தொடங்காது என்றார்கள். 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னியை ஏழாவது ரவுண்டில் டெம்ப்சி வீழ்த்தினார். பழக்கம் விடுமா? பக்கத்திலேயே நின்றார். நடுவர் "மூலைக்குப் போ" என்று சொல்லி, போகவைத்து, பிறகுதான் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தார். டன்னி ஒன்பதில் எழுந்தார். ஆனால் தரையில் இருந்தது கிட்டத்தட்ட பதினான்கு வினாடி. அந்தப் போட்டியை டன்னியே புள்ளிகளில் ஜெயித்தார். 'நீண்ட எண்ணிக்கை' என்று அந்த இரவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஒரு விதியை மட்டுமாவது நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாதா? ஒரு விருந்தினர், "ஆமாம், அந்தப் புள்ளிவிவரம் நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்கிறார். விழுந்துவிட்டார். அந்த இடத்தில் நீங்கள் மூலைக்குப் போகவேண்டும். அவருக்குப் பத்து வினாடி கொடுக்கவேண்டும். எழுந்து வேறு ஆதாரத்தோடு வந்தால் ஆட்டம் தொடரட்டும், வரவில்லையென்றால் முடிந்தது. ஆனால் நடப்பது என்ன? "ஒத்துக்கொள்கிறீர்களா? அப்போ இதுவரை சொன்னது எல்லாமே பொய்தானா? மக்களிடம் மன்னிப்புக் கேட்பீர்களா?" தலைக்கு மேலேயே நின்றுகொண்டு, எழ எழ அடிப்பது. இதைப் பார்க்கும் எவருக்கும் ஒரு பாடம் தெளிவாகப் புரிந்துவிடுகிறது: என்ன ஆனாலும் தவறை ஒத்துக்கொள்ளாதே. அப்புறம், "யாருமே நேர்மையாகப் பேசமாட்டேன் என்கிறார்களே" என்று அதற்கும் நீங்களே ஒரு விவாதம் வைக்கிறீர்கள்.

இந்த விதிகளெல்லாம் நல்ல மனசுக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியவை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஜாக் ப்ரோட்டன் 1743-இல் முதல் விதிகளை எழுதி வைத்தார். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. எழுதித்தான் வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதுவரை அடித்தார்கள். 1867-இல் குயின்ஸ்பெரி விதிகள் வந்தன. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவனுக்குப் பத்து வினாடி, கையில் உறை, கட்டிப் புரளக் கூடாது. அவை எழுதப்பட்ட பிறகும் 1889-இல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் பழைய முறையில் வெறுங்கையோடு 75 ரவுண்டு அடித்துக்கொண்டார்கள். கில்ரெய்னின் ஆட்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்த பிறகுதான் அது நின்றது. 1982-இல் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மான்சினியுடன் பதினான்கு ரவுண்டு நின்று, விழுந்து, சில நாளில் இறந்துபோனார். உலகப் பட்டப் போட்டி பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் கொடுத்த விலை.

கையுறை விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. கையுறை எதிராளியின் முகத்தைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது குத்துபவனின் கையை. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் கை எலும்பு நொறுங்கும், அதனால் அந்தக் காலத்தில் தலையில் யோசித்துத்தான் குத்தினார்கள். உறை வந்தது, பயம் போனது, தலையில் விழும் அடி கூடியது. "மதிப்பிற்குரிய நண்பர்", "நான் தாழ்மையுடன் கேட்கிறேன்" என்று தொடங்கி நீங்கள் விடும் கேள்விகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறைதான் ஞாபகம் வருகிறது.

எடைப் பிரிவு பற்றியும் சொல்லவேண்டும். தொழில்முறையில் வழக்கமாக 17 எடைப் பிரிவுகள் உண்டு. 50.8 கிலோவைத் தாண்டாதவன் ஃப்ளைவெயிட். 66.7 கிலோ வரை வெல்டர்வெயிட். கீழ்ப் பிரிவுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை, இரண்டு கிலோதான் வித்தியாசம். அந்த இரண்டு கிலோவுக்காக ஒரு பையன் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் எச்சிலைத் துப்பிக்கொண்டு தராசில் ஏறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன் (அது ஆபத்தான வழக்கம், எனக்குப் பிடிக்காது). அவ்வளவு சின்ன வித்தியாசத்தையே நாங்கள் அநியாயம் என்று நினைக்கிறோம். நீங்கள் என்னவென்றால், முப்பது வருடம் வாதாடிப் பழகிய ஆளின் எதிரே, கேமராவை முதல் முறை பார்க்கும் மாணவனை உட்காரவைத்துவிட்டு, "இரண்டு தரப்புக்கும் வாய்ப்புக் கொடுத்தோம்" என்கிறீர்கள். இடம் கொடுத்தால் சமமாகிவிடுமா?

இப்போது பேச்சுக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

பேச்சு வெறும் பேச்சு, யாருக்கும் எலும்பு முறியவில்லை, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதால் அலியின் உரிமம் பறிக்கப்பட்டு மூன்று வருடத்துக்கும் மேல் ஆட முடியாமல் இருந்தார். அந்த நாட்களில் ஃப்ரேசியர் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார், உரிமம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று பேசினார். அலி திரும்பி வந்தார். 1971-இல் இருவரும் மோதினார்கள். டிக்கெட் விற்கவேண்டுமே! ஃப்ரேசியரை வெள்ளைக்காரர்களின் கையாள் என்றார் அலி. 1975 மணிலாப் போட்டிக்கு முன்பு கொரில்லா என்றார். ஒரு ரப்பர் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு செய்தியாளர்கள் முன்னால் அதைக் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அலிக்கு எது சொன்னாலும் சிரிக்க ஆள் இருந்தது. ஃப்ரேசியருக்கு அந்த வாய் கிடையாது.

மணிலாவில் பதினான்கு ரவுண்டு. வெக்கையில் இருவரும் சாகக் கிடந்தார்கள். ஃப்ரேசியரின் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். பதினைந்தாவதுக்கு எழப் பார்த்தவரைப் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "வேண்டாம்" என்று ஃப்ரேசியர் கெஞ்சியும் விடவில்லை. இன்னும் மூன்றே நிமிடம்தான். எதிர் மூலையில் அலியும் எழ முடியாத நிலையில் இருந்தார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஃபட்சுக்கு அது தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அந்த அடிகள் ஆறின. ஆறாதது அந்தப் பெயர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி சுடர் ஏற்றியபோது உலகமே கண்கலங்கியது, ஃப்ரேசியர் மட்டும் கசப்பாகப் பேசினார். 2001-இல் ஒரு பத்திரிகை வழியாக அலி மன்னிப்புக் கேட்டார், போட்டியை விற்கத்தான் அப்படியெல்லாம் சொன்னேன் என்றார். கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. முகத்தில் விழுந்த அடிகளைப் பற்றி ஃப்ரேசியர் அப்படிக் கசந்து பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. அடித்துக்கொள்வதற்குத்தான் இருவரும் ஒப்புக்கொண்டு ஏறினார்கள். அந்த ரப்பர் பொம்மைக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைவிடக் கொடுமையான ஒன்று 1962-இல் நியூயார்க்கில் நடந்தது. எமில் க்ரிஃபித்தும் பென்னி பாரெட்டும் எடை பார்க்கும் நேரத்தில், பாரெட் அவரை ஆண்மை பற்றிய ஒரு கொச்சைச் சொல்லால் கேலி செய்தார். இரவு பன்னிரண்டாவது ரவுண்டில் க்ரிஃபித் அவரை மூலையில் சிக்கவைத்து, கை கயிற்றில் மாட்டிக்கொண்டு சரியக்கூட முடியாமல் நின்றவரைக் குத்திக்கொண்டே இருந்தார். நடுவர் நிறுத்தியபோது நேரம் கடந்துவிட்டது. பத்து நாளில் பாரெட் இறந்தார். எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. க்ரிஃபித்தை அந்த இரவு கடைசிவரை தூங்கவிடவில்லை. அந்தக் கேலிதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நடுவர் தாமதித்த அந்தச் சில வினாடிகளைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1938-இல் ஜோ லூயிஸும் மேக்ஸ் ஷ்மெலிங்கும் மோதியபோது, ஒருவர் தலையில் அமெரிக்காவையும் இன்னொருவர் தலையில் ஹிட்லரின் ஜெர்மனியையும் ஏற்றி வைத்தார்கள். பத்திரிகைகள் அதை இரண்டு நாடுகளின் போராக எழுதின. லூயிஸ் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடித்துவிட்டார். அதே வருடம் நவம்பரில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, ஷ்மெலிங் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். போருக்குப் பிறகு லூயிஸும் அவரும் நண்பர்களானார்கள். 1981-இல் லூயிஸ் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவில் ஷ்மெலிங் பங்கெடுத்தார். சண்டை போட்ட இருவருக்குள் பகை இல்லை. பகையெல்லாம் சுற்றி நின்று எழுதியவர்களிடம் இருந்தது. இதை உங்கள் தலைப்பு எழுதும் நண்பர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கட்டும்.

எங்கள் கூடத்துக்கு வந்தாலே இது தெரியும். ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, முடிந்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு கையிலும் உறை இருக்கும்போது கயிற்று முடிச்சைத் தானாக அவிழ்க்க முடியாது. ஒரு நிமிடத்துக்கு முன்பு மூக்கில் குத்தியவன்தான் எதிரே இருப்பான். அவனிடம் கையை நீட்டுவார்கள். அவன் பல்லால் கடித்து முடிச்சைத் தளர்த்தி, உறையை முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து உருவிவிடுவான். "அந்த இடது ஹூக் வந்ததே, எப்படிப் பார்க்கவே இல்லை நீ?" என்று அதற்குள் பேச்சும் ஆரம்பித்துவிடும். மூக்கில் ரத்தம் வழிய, தான் எப்படி ஏமாந்தோம் என்று அடித்தவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பையன்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கோபமும் அப்படித்தான். வெளியில் இருப்பவர்கள் கோபக்காரன்தான் நல்ல குத்துச்சண்டை வீரன் என்று நினைக்கிறார்கள். முரட்டுப் பையனைக் கூட்டிவந்து, "இவனுக்கு நல்ல கோபம் சார், பெரிய ஆளா வருவான்" என்று விட்டுவிட்டுப் போகிற பெற்றோர்கள் உண்டு. முதல் மூன்று மாதம் அந்தக் கோபத்தை இறக்கி வைக்கத்தான் சரியாக இருக்கும். கோபம் வந்தால் தோள் இறுகும். தோள் இறுகினால் கை தாமதமாகும், மூச்சு அடைக்கும், குத்து நேராகப் போகாமல் வெளியே வளைந்து வரும். வளைந்து வரும் குத்தை எதிராளி நிதானமாகப் பார்த்துத் தலையை நகர்த்திவிட்டு ஒரு நேர் ஜாப் போடுவான். எதிர்க்குத்து என்பதே எதிராளியின் குத்தை முழுசாகப் பார்த்தவனுக்குத்தான் வரும். உங்கள் விவாதங்களில் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்தே பதிலை எடுத்தவர் எத்தனை பேர்? எல்லோரும் வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்ததைக் காற்றில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதற்கு நாங்கள் நிழற்குத்து என்போம், கண்ணாடி முன்னால் தனியாகச் செய்வது.

சரி, உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். "மண்டையில் அடித்து ஆளை வீழ்த்துவதையே நோக்கமாக வைத்திருக்கும் விளையாட்டிலிருந்து வந்து எங்களுக்கு ஒழுக்கம் சொல்கிறாயா?" நியாயமான கேள்வி. 1928-லேயே மார்ட்லண்ட் என்ற மருத்துவர், அடி வாங்கி வாங்கி நடை தடுமாறி நாக்கு குழறும் வீரர்களைப் பற்றி எழுதினார். ஸ்வீடன் 1970-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்து 2006 வரை வைத்திருந்தது. நார்வேயிலும் 1981 முதல் 2014 வரை தடை இருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் எதிராளியை முழுக்க முழுக்க ஆட்டிப்படைத்தும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடிக்கப்பட்டார். அந்த அவமானம் இன்னும் எங்கள் மேல் இருக்கிறது. இந்த விளையாட்டு சுத்தமானது என்று நான் எங்கும் சொல்லவில்லை. இவ்வளவு அசுத்தத்தையும் வைத்துக்கொண்டு, மனிதர்கள் சாகாமல் மோத என்ன வேண்டும் என்று நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எங்களிடமிருந்து எடுப்பதானால் அதை எடுங்கள்.

உதாரணத்துக்கு எங்கள் புள்ளி முறை. ஒரு ரவுண்டில் ஜெயித்தவருக்குப் பத்து. தோற்றவருக்கு எத்தனை தெரியுமா? ஒன்பது. ஒரு முறை விழுந்திருந்தால் பெரும்பாலும் எட்டு. பூஜ்ஜியம் என்று ஒன்று கிடையாது. மூன்று நிமிடம் எதிரே நின்றவன் ஏதோ செய்திருக்கிறான் என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது. புள்ளி போட உட்காரும்போது இது எனக்கு நல்ல பயிற்சி. பிடிக்காத பாணியில் ஆடுகிறவனுக்கும் ஒன்பது எழுதியே ஆகவேண்டும், எழுதுவதற்காக அவன் என்ன நன்றாகச் செய்தான் என்று பார்த்தே ஆகவேண்டும். நிகழ்ச்சி முடிவில் இதை ஒருநாள் செய்து பாருங்களேன். தோற்றார் என்று நீங்கள் நினைப்பவர் சொன்னதில் எது சரி என்று ஒரு வாக்கியம்.

அப்புறம் அந்த ஒரு நிமிட இடைவேளை. ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் நாங்கள் ஸ்டூலோடு ஏறுவோம். பல்காப்பை எடுத்துக் கழுவவேண்டும், வாயில் தண்ணீர் ஊற்றித் துப்பவைக்கவேண்டும், புருவத்தில் கிழிந்திருந்தால் அழுத்திப் பிடித்து வாஸ்லின் தடவவேண்டும், வீங்கிய இடத்தில் குளிர்ந்த இரும்பை வைக்கவேண்டும். முதல் இருபது வினாடி நான் ஒன்றும் பேசமாட்டேன். அவன் மூச்சு இறங்கவேண்டும், அதுவரை சொல்வது எதுவும் தலையில் ஏறாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயம், மிஞ்சிப்போனால் இரண்டு. "இடது கையை இறக்காதே." அவ்வளவுதான். உங்கள் விளம்பர இடைவேளையில் விருந்தினர்களிடம் என்ன சொல்லப்படுகிறது என்று போய் வந்த சிலர் சொல்லியிருக்கிறார்கள்: "இன்னும் கொஞ்சம் சூடா போகலாம் சார்."

இதெல்லாம் செய்தால் யார் பார்ப்பார்கள் என்கிற பயம்தான் கடைசியில் மிஞ்சுகிறது. 2015-இல் மேவெதரும் பாக்கியோவும் மோதியதை அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகளில் காசு கட்டிப் பார்த்தார்கள். அதுவரை இல்லாத அளவு. மேவெதர் வாழ்நாள் முழுக்க அடி வாங்காமல் இருப்பதையே கலையாக வைத்திருந்தவர், 50 போட்டி ஆடி ஒன்றிலும் தோற்காதவர். அன்றும் தப்பித்துத் தப்பித்தே ஜெயித்தார். பார்த்தவர்களில் பாதிப் பேர் போரடித்தது என்று திட்டினார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். 1974-இல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் ஜார்ஜ் ஃபோர்மன் சுழன்று விழுந்துகொண்டிருந்தபோது அலியின் வலது கை ஓங்கியபடி தயாராக இருந்தது. இன்னொரு குத்துக்கு இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. அவர் விடவில்லை. பின்னாளில் ஃபோர்மனே அதை எடுத்துச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஐம்பது வருடமாக மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் காட்சி அது, விடாத ஒரு குத்து.

உங்களில் யாராவது ஒருவர், நெறியாளரோ தலைப்பு எழுதுபவரோ, எங்கள் கூடத்துக்கு ஒரு மாலை வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேமரா வேண்டாம். உறை மாட்டி, மூன்று நிமிடம் பையைக் குத்துங்கள். முதல் நிமிடம் ஜாலியாகத்தான் இருக்கும். பிறகு விருப்பமிருந்தால் அந்தப் பெண்ணோடு ஒரே ஒரு ரவுண்டு, மெதுவாக. அவள் அடிக்கமாட்டாள், நீங்கள் அடிக்கலாம். நடுவராக நான் நிற்கிறேன். கையுறை எங்களிடம் இருக்கிறது. கையில் சுற்றும் துணியை மட்டும் சொந்தமாகக் கொண்டுவந்துவிடுங்கள், அடுத்தவர் வியர்வை ஊறியதைச் சுற்றினால் தோலுக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்